பூட்டிய வீட்டுக்கு ஓட்டு இல்லை: சட்டமன்றத் தேர்தலில் நிற்பது என்றால் என்ன?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாண வீடு. மத்தியானப் பந்தி முடிந்து முகப்புத் திண்ணையில் வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சென்னையில் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், "இந்தத் தடவ நானே எம்.எல்.ஏ.வுக்கு நிக்கலாம்னு பாக்குறேன்" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். உடனே மூன்று பேர் பதில் சொன்னார்கள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஓட்டே மெட்ராஸ்லதான இருக்கு, இங்க எப்படி நிப்பீக?" என்றார் ஒருவர். "கட்சி சீட்டுக் குடுத்தாத்தானப்பா நிக்க முடியும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வயதானவர், "நாப்பது லச்சம் கட்டணும்டா, வெளையாட்டா?" என்று பேச்சையே முடித்துவிட்டார்.

மூன்றுமே தப்பு. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தத் தப்புகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் வேட்பாளராக நின்றதில்லை. ஒரு முறை பூத் ஏஜென்டாக, அதாவது வாக்குச்சாவடியில் ஒரு வேட்பாளரின் ஆளாக, உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை சுயேச்சையாக நின்ற உறவினருக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவமும், சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

செட்டிநாடு என்று ஒரு தொகுதி கிடையாது

செட்டிநாடு என்பது நம் பேச்சில் இருக்கும் நிலம். சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. தேர்தல் ஆணையத்தின் தாளில் அந்தப் பெயரே இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் 184ஆம் எண் காரைக்குடித் தொகுதி. திருப்பத்தூரும் சிங்கம்புணரியும் 185ஆம் எண் திருப்பத்தூர்த் தொகுதி. பொன்னமராவதிக்காரர் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இவை மூன்று. எண்ணையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வடக்கே 50ஆம் எண்ணில் இன்னொரு திருப்பத்தூர் இருக்கிறது. தேர்தல் முடிவு வரும் நாளில் அந்த ஊர் நிலவரத்தைப் பார்த்து நம் ஆட்கள் வெடி வாங்க ஓடிய கதையெல்லாம் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நமக்கு நன்றாகப் பழகிய தேர்தல் ஊராட்சித் தலைவர் தேர்தல். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதில் கட்சிச் சின்னம் கிடையாது, 21 வயது போதும், அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் நிற்க முடியும். சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். அங்கே வயது, பட்டியல், சின்னம் எல்லாவற்றுக்கும் விதி வேறு. திண்ணையில் பேசுகிறவர்கள் பாதி நேரம் ஊராட்சி விதியைச் சட்டமன்றத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். "ஒங்களுக்கு ஓட்டு மெட்ராஸ்ல" என்ற பதில் அப்படி வந்ததுதான்.

புள்ளிக் கணக்கும் வாக்காளர் பட்டியலும்

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வழக்கத்தில் "புள்ளி" என்று ஒரு கணக்கு உண்டு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. அவர்கள் பினாங்கில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், ஊர்க் கோயில் கணக்கில் அவர்கள் புள்ளி ஊரில்தான் இருக்கும். வரியும் அங்கே, மரியாதையும் அங்கே. ஊரை விட்டுப் போய் மூன்று தலைமுறை ஆனாலும் புள்ளி அழியாது.

வாக்காளர் பட்டியல் இதற்கு நேர் எதிர். ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்களின் பெயர்ப் பதிவேடு அது. எந்த ஊர்க்காரர், எந்தக் கோயில் என்று அது கேட்பதில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாய் என்பது மட்டுமே அதன் கேள்வி. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவில் ஒரு வரி வைத்திருக்கிறது: ஓர் இடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார். செட்டிநாட்டை நினைத்துக்கொண்டே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் முடிகிற வீடு. உள்ளே தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி. வருஷத்தில் 350 நாள் பூட்டு. வீட்டுக்காரருக்கு அந்தத் தெருவில் ஓட்டு இல்லை. பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்து, வாரத்துக்கு ஒரு முறை கதவுகளைத் திறந்து காற்று விட்டு, மழைக்கு ஓடு மாற்றிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு நாலு ஓட்டு. சட்டத்தின் கணக்கில் அந்த வீட்டு விலாசத்து வாக்காளர்கள் அவர்கள்தான்.

குடி மாறினால் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. ஊரில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அது இப்படிப்பட்ட இரட்டைப் பதிவு, இடம்பெயர்ந்தவர், இறந்தவர் பெயர்களை எடுப்பதற்காகத்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காதவரானால், படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும்.

பட்டியல் "பாகம்" பாகமாக இருக்கும். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பெயர்கள். இப்போது அதிகபட்சம் 1,200 பேர் என்று வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய முகவரி தேர்தல் மொழியில் "பாகம் எண், வரிசை எண்" என்ற இரண்டு எண்கள்தான். இந்த இரண்டு எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சுருக்கமாக: புள்ளி பூர்வீகத்தைப் பார்க்கிறது, வாக்காளர் பட்டியல் குடியிருப்பைப் பார்க்கிறது. சொந்த ஊர் என்ற சொல் சட்டத்தில் இல்லை.

அப்படியானால் யார் நிற்கலாம்?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். "ஏதாவது ஒரு" என்பதுதான் முக்கியம். ராயபுரத்தில் ஓட்டு உள்ளவர் காரைக்குடியில் நிற்கலாம். அவருக்குக் காரைக்குடியில் ஓட்டு இருக்கத் தேவையில்லை. தன் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை மட்டும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே நிற்கப் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும்.

தடைகள் சில உண்டு. அரசுச் சம்பளம் வாங்கும் பதவியில் இருப்பவர் அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். குற்ற வழக்கில் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலையான பிறகும் ஆறு வருஷம் நிற்க முடியாது. கிராமத்துப் பக்கம் பலரும் மறந்துவிடுகிற தடை ஒன்று உண்டு: மாநில அரசோடு பொருள் வழங்கவோ வேலை செய்து கொடுக்கவோ போட்ட ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை, அந்த ஒப்பந்தக்காரர் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. ரோடு கான்ட்ராக்ட் எடுத்துவிட்டுக் கனவு காண்கிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆக, அண்ணனுக்கு வந்த முதல் பதில் தள்ளுபடி. அவர் தாராளமாக நிற்கலாம்.

அந்தப் பத்துக் கையெழுத்து

நிற்பது என்றால் சட்டத்தின் கண்ணில் ஒரே ஒரு காரியம்தான்: வேட்புமனு கொடுத்து, அது ஏற்கப்படுவது. கொடி, மாலை, மைக், ஆரத்தி எல்லாம் அதற்கு மேல் வருவது. வேட்புமனு என்பது "இன்ன தொகுதிக்கு இன்னாரை முன்மொழிகிறோம்" என்ற விண்ணப்பம். கவனியுங்கள், அது வேட்பாளர் தன்னைப் பற்றி மட்டும் எழுதிக்கொடுக்கும் தாள் இல்லை. வேறொருவர் அவரைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர்தான் முன்மொழிபவர்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின், அதாவது ஆணையம் தனிச் சின்னம் ஒதுக்கிவைத்திருக்கும் கட்சியின், வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் செய்துள்ள சிறு கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்பாளர் எங்கிருந்தும் வரலாம். அவருக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் உள்ளூரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். இந்த விதியை வைத்தவர்களின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியூர்க்காரர் வந்து நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. "ஊரில் உன்னைத் தெரிந்தவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வா" என்று மட்டும் சொல்கிறது.

பாங்கில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது போலத்தான் இது, பணப் பொறுப்பு மட்டும் கிடையாது. ஆனால் ஜாமீன் கையெழுத்தில் ஒரு கோடு தப்பினால் மறுநாள் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார்கள். இங்கே மனுவே போய்விடும். 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக மனுப் போட்டபோது நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பத்துப் பேரில் இரண்டு பேர் "இது எங்கள் கையெழுத்து இல்லை" என்று சொன்னதாகச் சொல்லி மனு நிராகரிக்கப்பட்டது. முகம் தெரியாத ஆள் இல்லை, காசுக்கும் குறைவில்லை. இரண்டு கையெழுத்து கவிழ்த்துவிட்டது.

நான் ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டேன் என்றேனே, அதில் பத்தாவது ஆள் எங்கள் தெருவின் ஓர் ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். படிவத்தைக் கொண்டுபோன பையன் "கைநாட்டு வையுங்க ஆச்சி" என்று மைப்பெட்டியை நீட்டிவிட்டான். ஆச்சிக்கு வந்ததே கோபம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயரில் வரும் 'லை'யைப் பழைய எழுத்துப்படி துதிக்கை சுழித்து, ஐந்து நிமிஷம் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நல்லதாகப் போயிற்று. கைநாட்டு என்றால் அதை அதிகாரி முன்னால் வைத்துச் சான்று வாங்க வேண்டும். வீட்டில் உருட்டிவிட்டுக் கொண்டுபோனால் செல்லாது.

அன்றைக்குத் தடுக்கி விழப் பார்த்தது வேறு இடத்தில். பத்துப் பேரில் ஒருவருடைய பாகம் எண்ணைப் பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். புதுப் பட்டியலில் அவர் தெரு வேறு பாகத்துக்குப் போய்விட்டது. மனுவை வாங்கும்போதே அலுவலகத்தில் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னதால் தப்பித்தோம். இப்படிச் சின்ன எழுத்துப் பிழையைத் திருத்த இடமுண்டு. ஆனால் முன்மொழிந்தவர் பெயரே அந்தத் தொகுதிப் பட்டியலில் இல்லை என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. விவரம் தெரிந்தவர்கள் ஒரே வேட்பாளருக்கு இரண்டு, மூன்று செட் மனுக் கொடுப்பது இதற்காகத்தான். நான்கு வரை கொடுக்கலாம். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

மனுவோடு படிவம் 26 போகும். அது பிரமாணப் பத்திரம்: சொத்து, கடன், படிப்பு, வழக்கு, வருமானம், மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ளவை எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதித் தருவது. இதில் ஒரு கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது. கார் இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வந்தால் வம்பு. வழக்கு உள்ளவர் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். இன்னொன்று, மனுக் கொடுத்த பிறகு அதிகாரி முன்னால் அரசியலமைப்பின் மேல் உறுதிமொழி எடுக்க வேண்டும், அதுவும் பரிசீலனை நாளுக்கு முன்பே. மாலை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகிற அவசரத்தில் இதை மறந்தவர்கள் உண்டு.

நாள் கணக்கு இப்படிப் போகும். அறிவிக்கை வந்ததிலிருந்து ஒரு வாரம் மனுத்தாக்கல், காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணி வரை. வாங்குகிறவர் தேர்தல் நடத்தும் அலுவலர். பெரும்பாலும் கோட்டாட்சியர் போன்ற ஓர் அதிகாரி. அலுவலகத்துக்கு 100 மீட்டருக்குள் மூன்று வண்டிதான் வரலாம், உள்ளே வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் போகலாம். அடுத்த நாள் பரிசீலனை, அதாவது ஒவ்வொரு மனுவையும் எல்லார் முன்னிலையிலும் எடுத்துச் சரிபார்ப்பது. அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் வாங்கக் கடைசி நாள். அதற்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே குறைந்தது 14 நாள். கிராமத் தொகுதியில் இந்த இரண்டு வாரம்தான் வேட்பாளருக்குக் கையில் இருக்கும் காலம். கண்மாய்க் கரைக்கு ஒரு குக்கிராமம், பொட்டலைத் தாண்டி ஒரு குடியிருப்பு என்று சிதறிக் கிடக்கும் ஊர்களை அதற்குள் சுற்றியாக வேண்டும்.

சீட்டு வேறு, மனு வேறு

"கட்சி சீட்டுக் குடுத்தாத்தான் நிக்க முடியும்" என்ற இரண்டாவது பதிலுக்கு வருவோம்.

கடை திறக்க லைசென்ஸ் ஒன்று; ஒரு கம்பெனி போர்டை வாசலில் மாட்ட அந்தக் கம்பெனியின் ஏஜென்சிக் கடிதம் இன்னொன்று. ஏஜென்சி கிடைக்காவிட்டாலும் கடை திறக்கலாம், சொந்தப் பெயரில். தேர்தலிலும் அதேதான். வேட்புமனு லைசென்ஸ் மாதிரி. கட்சி தரும் "பி ஃபார்ம்" ஏஜென்சிக் கடிதம் மாதிரி: "இந்தத் தொகுதியில் இவர்தான் எங்கள் ஆள், எங்கள் சின்னத்தை இவருக்குக் கொடுங்கள்" என்று கட்சி எழுதும் தாள். அப்படி எழுத யாருக்கு அதிகாரம் என்று கட்சி முன்கூட்டியே சொல்லும் தாள் "ஏ ஃபார்ம்". இரண்டும் மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் வந்து சேர வேண்டும். கடைசி நாள் மத்தியானம் கட்சி ஆட்கள் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். உறைக்குள் இருப்பது இதுதான்.

பேப்பரில் "மாற்று வேட்பாளராக மனைவியும் மனுத்தாக்கல்" என்று வருவதைப் பார்த்துச் சிலர் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் ஆளின் மனு தள்ளுபடியானால் சின்னம் அநாதையாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முதல் மனு ஏற்கப்பட்டதும் மாற்று மனு தானாக விழுந்துவிடும்.

சுயேச்சை, ஆணையம் வெளியிடும் பொதுச் சின்னப் பட்டியலிலிருந்து மூன்றை வரிசைப்படுத்திக் கேட்கலாம். ஒன்றையே இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். அதுவரை நோட்டீஸ் அடிக்க முடியாது. இயந்திரத்தில் பெயர் வரிசையும் அவர் கையில் இல்லை. முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்து பதிவு பெற்றவை, கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரே பெயரில் பலர் வந்து நிற்பது இதில் தனி விளையாட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் பக்கத்து ராமநாதபுரத்தில் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு, அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். இந்தக் குழப்பத்துக்காகத்தான் பெயருக்குப் பக்கத்தில் படமும் போடுகிறார்கள்.

அங்கீகாரம் என்பதும் நிரந்தரமில்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1962இல் காரைக்குடியில் சுதந்திராக் கட்சியின் ஆளாக நின்று வென்றவர். அந்தக் கட்சி இன்று இல்லை. அவர் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது.

இதுவரை: நிற்க வைப்பது சட்டம், சின்னம் கொடுப்பது கட்சி. கட்சி இல்லாவிட்டால் ஒரு கையெழுத்து பத்தாகிறது, அவ்வளவுதான்.

டெபாசிட்

சட்டமன்றத் தேர்தலுக்குக் காப்புத்தொகை, அதாவது டெபாசிட், 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. கட்ட வேண்டிய தொகை இவ்வளவுதான். நாற்பது லட்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

விளையாட்டாக நிற்கிறவர்களைத் தடுக்க வைத்தது இது. 1996 வரை 250 ரூபாய்தான். அந்த வருஷம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் எதிர்ப்பைக் காட்டுவதற்காக. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் தொகையும் ஏறியது, சுயேச்சைக்குப் பத்துப் பேர் என்ற விதியும் வந்தது. ஆச்சியின் கையெழுத்துக்கு மூலக் காரணம் மொடக்குறிச்சி.

பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். இரண்டு லட்சம் செல்லத்தக்க ஓட்டு என்றால் 33,334 வேண்டும். 33,333 வாங்கினால் போச்சு. நோட்டாவுக்கு, அதாவது "யாருக்கும் இல்லை" என்ற பொத்தானுக்கு, விழுந்தது இந்தக் கணக்கில் சேராது. "டெபாசிட் போச்சு" என்பதை மேடையில் பெரிய அவமானமாகப் பேசுகிறோம். சட்டத்தில் அது பத்தாயிரம் ரூபாய் அரசுக் கணக்கில் சேர்வது, வேறொன்றும் இல்லை. அடுத்த தேர்தலில் மறுபடி நிற்க எந்தத் தடையும் கிடையாது.

நாற்பது லட்சமும் மொய் நோட்டும்

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். 2022 ஜனவரியில் வைத்தது. அதற்கு முன் 2021 தேர்தலின்போது 30.8 லட்சம். இது கட்ட வேண்டிய தொகை இல்லை, தாண்டக் கூடாத கோடு. திண்ணைப் பெரியவர் இந்த இரண்டையும்தான் மாற்றிப் போட்டார்.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேஜையைப் பாருங்கள். ஒருவர் பணத்தை வாங்குகிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார். பின்னால் நாற்காலி போட்டு ஒரு மாமா சும்மா உட்கார்ந்திருப்பது போல இருப்பார். உண்மையில் அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி நோட்டையும் அவர் கணக்கையும் ஒத்துப் பார்ப்பார்கள். தேர்தல் செலவுக் கணக்கும் இதே அமைப்புத்தான். மனுக் கொடுக்கும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை வேட்பாளர் தினமும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனுவுக்கு முந்தைய நாளாவது தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மாமாவின் வேலையைச் செய்வது "நிழல் பதிவேடு": அதிகாரிகள் தாங்களாகவே எழுதும் இணையான கணக்கு. வீடியோக் குழு கூட்டத்துக்கு வந்து பந்தலின் நீளம், நாற்காலி, ஸ்பீக்கர், வண்டி எல்லாவற்றையும் படம் பிடிக்கும். டீக்கு இவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் ஏற்கெனவே விலைப் பட்டியல் போட்டிருக்கும். நீங்கள் இருநூறு நாற்காலி என்று எழுதி, வீடியோவில் ஐந்நூறு தெரிந்தால், ஐந்நூறுக்கும் கணக்கு ஏறும். பிரச்சார காலத்தில் மூன்று முறை இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

இதில் ஓட்டை எங்கே என்று கேட்டால், கோடு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. கட்சி பொதுவாகச் செய்யும் விளம்பரத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர், அதாவது பட்டியலில் பெயர் கொடுக்கப்பட்ட தலைவர் ஒருவர், வந்துபோகும் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் வராது. அதே தலைவரோடு வேட்பாளர் மேடை ஏறினால் கூட்டச் செலவில் அவர் பங்கு ஏறிவிடும். தலைவர் பேசும்போது வேட்பாளர் கீழே வேனில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "அடக்கமான மனுஷன்" என்று மெச்சுகிறோம். அடக்கம் கணக்குக்காகவும் இருக்கலாம்.

ஓட்டுக்குக் காசு கொடுப்பது செலவுக் கணக்கிலேயே வராது. அது குற்றம், வாங்குவதும் குற்றம். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் தள்ளிப்போனதும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானதும் இதனால்தான். இதன் பக்கவிளைவு நம்மைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது. தேர்தல் வருவது பெரும்பாலும் முகூர்த்த மாதத்தில். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை வண்டியை நிறுத்தும். பணம் எடுத்த பாங்க் சீட்டும் கல்யாணப் பத்திரிகையும் கைப்பையில் இருந்தால் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.

தோற்றவருக்கும் கணக்கு உண்டு. முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். "அதான் தோத்தாச்சே" என்று விட்டால் மூன்று வருஷம் வரை எந்தத் தேர்தலிலும் நிற்கத் தகுதி இழக்க நேரிடும். டெபாசிட் போனால் வராத தடை, நோட்டுக் கொடுக்காவிட்டால் வருகிறது.

ஓட்டு நாள்

இதைப் பற்றி எல்லாருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் இரண்டு விஷயம் மட்டும். ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டு, குறைந்தது 50, போட்டுக் காட்டி அழித்துவிடுவார்கள். முடிந்ததும் எத்தனை ஓட்டுப் பதிவாயிற்று என்று "17சி" என்ற படிவத்தில் எழுதி ஏஜென்டுக்கு நகல் தருவார்கள். நான் உட்கார்ந்த பூத்தில் பாதிப் பேர் அதை வாங்காமலே சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். எண்ணும் மேஜையில் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.

எண்ணிக்கையில், மற்ற எல்லாரையும் விட ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவர் எம்.எல்.ஏ. பாதிக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்தபடி அதிக ஓட்டு வாங்கிய ஆள்தான் வென்றவர், மறுதேர்தல் இல்லை. முடிவில் முறைகேடு என்று நினைத்தால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுப் போடலாம்.

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பத்தாயிரம்தான் என்றதும் முகம் மலர்ந்தது. ராயபுரம் பட்டியல் நகலை அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்றார். பத்துப் பேர் என்றதும், "பத்தென்ன, நூறு பேரு நம்மாளு" என்று விரலை மடக்கத் தொடங்கினார். சமையல்காரர், பின்கட்டில் இருக்கும் தம்பதி, எதிர்வீட்டு ஆச்சி, கோயில் குருக்கள், சைக்கிள் கடைக்காரர். ஆறு. ஏழாவதாகச் சொன்ன பங்காளிக்கு ஓட்டு கோயம்புத்தூரில். எட்டாவது ஆளுக்கு அடையாற்றில். மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம், "ஏம்ப்பா, ஒனக்கு ஓட்டு இங்கதான?" என்றார்.